நீலக் கயிறு கட்டிய நான்கு மூட்டைகள்

1

இந்த ஆவணியோடு ஒரு வருஷம். போன ஆவணியில் பெங்களூர் ஈஜிபுராவிலிருந்து நான்கு மூட்டை ஆளிச் சிப்பி ஓடு கட்டி ஊருக்கு அனுப்பினேன். அதைப் பற்றி நம் ஊர்க்கூட்டத்தில் போன ஞாயிற்றுக்கிழமை எழுந்து பேசினேன். பேசினேன் என்று சொல்வதுகூடத் தப்பு. பாதியில் அழுகை வந்துவிட்டது. மைக் வேறு கொய்யென்று கத்திக்கொண்டே இருந்தது. பின்வரிசையில் ஒருத்தர் “இன்னாவாம்?” என்று கேட்க, இன்னொருத்தர் “தம்பிக்கு சப்போர்ட்டு பண்ணுது” என்று சொன்னது என் காதிலேயே விழுந்தது. நான் தம்பிக்கு சப்போர்ட் பண்ண வரவில்லை. நடந்ததைச் சொல்ல வந்தேன். சரியாகச் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நம் குப்பத்தில் இந்தப் பத்திரிகை எல்லா வீட்டிலும் கிடக்கும் என்று தெரியும். மீன் மடிப்பதற்கு முன்னால் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். என் மகள் திவ்யா பக்கத்தில் உட்கார்ந்து போனில் தட்டித் தருகிறாள். அவளுக்குத் தமிழ் படிக்க வரும், எழுதுவது கொஞ்சம் தடவல்தான். பள்ளிக்கூடத்தில் கன்னடமும் இங்கிலீஷும்தான். “அம்மா, இதை அனுப்பித்தான் ஆகணுமா?” என்று இதுவரை மூன்று தடவை கேட்டுவிட்டாள்.

ஆகணும்.

2

இங்கே எனக்கு ஒரு பெரிய ஹோட்டலில் பாத்திரம் கழுவும் பிரிவில் வேலை. பதினொரு வருஷமாகிறது. வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். மேம்பாலத் தூண்களுக்கு அடியில் ரோட்டைக் கடக்கிற இடத்தில்தான் தினமும் கொஞ்சம் உயிர் போய் உயிர் வரும். இங்கே வந்த புதிதில் கேஸை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி ஓடுவேன். இப்போதும் ஓடுகிறேன். என் சுபாவம் அப்படி. எதையாவது நினைத்துப் பயந்துகொண்டே இருப்பேன், பயந்த விஷயம் நடக்காது, பயப்படாமல் விட்டது நடந்துவிடும்.

அந்த ஹோட்டலில் இரண்டு வருஷமாக ஆளி பரிமாறுகிறார்கள். நீங்கள் சிரிப்பீர்கள். மேற்குக் கடற்கரையிலிருந்து தெர்மாகோல் பெட்டியில் வருகிறது. ஐஸ்கட்டி மேல் ஆறு ஆளியைத் திறந்து வைத்து, எலுமிச்சைத் துண்டு வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். பச்சையாகத்தான். கோட்டு போட்டவர்கள் தலையை அண்ணாந்து உறிஞ்சுகிறதை நான் கதவிடுக்கில் பார்த்திருக்கிறேன். முதல் நாள் அந்தத் தட்டு கழுவ வந்தபோது அந்த ஓட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். பக்கத்தில் இருந்தவள் “என்னக்கா, முத்து கிடைச்சுதா?” என்றாள்.

முத்து இல்லை. ஓட்டால் தொல்லைதான் கிடைத்தது. பெங்களூரில் குப்பையைப் பிரித்துத்தான் போட வேண்டும். ஈரக் குப்பை ‘ஹசி கசா’, உலர்ந்த குப்பை ‘ஒண கசா’. ஆளி ஓட்டை ஈரக் குப்பையில் போட்டால் உரம் போடுகிற இடத்தில் கல் என்று திருப்பி அனுப்புவார்கள். உலர்ந்த குப்பையில் போட்டால் நாறுகிறது என்று வண்டிக்காரர் எடுக்கமாட்டார். சூப்பர்வைசர் இரண்டு நாள் மண்டையைச் சொறிந்துவிட்டு என்னிடம் வந்தார். “நீ கடல் பக்கத்துக்காரி தானே, உனக்குத் தெரியும். நீயே எங்கயாவது போட்டுடு.”

அந்த வாரம்தான் தம்பி குமரன் போன் பண்ணினான். முகத்துவாரத்துக்கு உள்ளே, பழைய ஆளிப் பாறை இருந்த இடத்தில் மறுபடியும் பாறை வளர்க்கப் போகிறார்கள், ஆராய்ச்சி ஆபீஸிலிருந்து ஒரு மேடம் வந்திருக்கிறார், தன்னைத்தான் காவலுக்கும் வேலைக்கும் போட்டிருக்கிறார்கள் என்று. அவன் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவன் கல்யாணத்தில்கூட நான் கேட்கவில்லை.

“அதுக்கு இன்னாடா வேணும்?”

“ஓடுதான்கா. ஆளிக் குஞ்சு தண்ணில மிதந்து வரும், ஒட்டறதுக்குப் பழைய ஆளி ஓடு இருந்தா உடனே புடிச்சிக்கும். ஆனா நம்மூர்ல ஏது ஓடு? எல்லாத்தையும்தான் சுட்டுட்டோமே.”

நான் கையில் இருந்த ஈரத்தைத் துடைத்துக்கொண்டேன். “எங்கிட்ட இருக்குது” என்றேன்.

3

சுட்டுட்டோமே என்று அவன் சொன்னது எங்கள் அப்பாவை. அவரோடு இன்னும் பத்துப் பதினைந்து பேரை. உங்களில் வயசானவர்களுக்குத் தெரியும், சின்னவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தப் பாறை கல் இல்லை. ஆளி மேல் ஆளி ஒட்டி, செத்தது மேல் உயிருள்ளது ஒட்டி, எத்தனையோ தலைமுறையாகத் தானே கட்டிக்கொண்ட மேடு. கடப்பாரையால் பெயர்த்துப் படகில் ஏற்றிச் சுண்ணாம்புக் காளவாய்க்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் சாப்பிட்டது அந்தச் சோறுதான். அதில் இப்போது எச்சில் துப்ப நான் யார்.

எனக்கு அந்தப் பாறை மேல் பெரிய பாசம் இருந்ததாகவும் நினைக்க வேண்டாம். ஏழாவது படிக்கும்போது நண்டு பிடிக்கப் போய் வலது உள்ளங்காலை ஆளி கிழித்தது. கத்தி மாதிரி. புண் சீழ் வைத்து, காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தபோது முழுப் பரீட்சை முடிந்துவிட்டது. இன்னொரு வருஷம் அதே வகுப்பில் உட்கார வெட்கப்பட்டு நின்றுவிட்டேன். தழும்பு இன்னும் இருக்கிறது. பெங்களூர்க் குளிரில் மார்கழி மாதம் அது மட்டும் தனியாக வலிக்கும்.

ஆனால் அந்த மேட்டில் இருந்ததெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. தண்ணீர் வற்றும்போது குந்தி உட்கார்ந்து பார்த்தால் ஒவ்வொரு இடுக்கிலும் ஒரு குடித்தனம். கல்நண்டு கண்ணை நீட்டிப் பார்க்கும். கடல் சாமந்தி தொட்டால் சுருங்கும். செத்த ஆளியின் இரண்டு ஓட்டுக்கு நடுவில் உளுவை மீன் முட்டை வைத்துக் காவல் இருக்கும். கீச்சான் மீன் குஞ்சுகள் ஓரத்திலேயே சுற்றும். மேலே உள்ளான் குருவிகள் வந்து கொத்தும். பாறை போன பிறகு அந்த இடத்தில் சேறுதான் இருந்தது. இறால் வருவது குறைந்தது. கையால் தடவி இறால் பிடிக்கப் போகும் பெண்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். நானும் அந்த வருஷங்களில் திரும்பியவள்தான். அப்படியே திரும்பித் திரும்பித்தான் பெங்களூர் வந்து சேர்ந்தேன்.

அதனால் குமரன் கேட்டபோது, அப்பா பெயர்த்ததில் ஒரு கை அளவாவது நாம் திருப்பி வைக்கலாமே என்று தோன்றியது. நல்லெண்ணம்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மற்ற எல்லாவற்றிலும் இருக்கிறது.

4

மேடம் குமரனுக்குச் சொல்லி, குமரன் எனக்குச் சொன்ன விதி இதுதான். வேறு தண்ணீரில் வளர்ந்த ஆளியின் ஓட்டை அப்படியே நம் தண்ணீரில் போடக் கூடாது. ஒட்டியிருக்கிற சதையில் நோய் இருக்கும், ஓட்டின் பொந்தில் புழு இருக்கும். நன்றாகக் கழுவி, வெயிலில் பரப்பி, புரட்டிப் புரட்டி ஆறு மாதம் காய வைக்க வேண்டும். “ஆறு மாசம்னா ஆறு மாசம்கா. ஒரு நாள் கொறையக் கூடாது.”

முதல் தடவை அப்படியே செய்தேன். கார்த்திகையில் ஆரம்பித்தேன். வீட்டுக்கு மேலே மொட்டை மாடி. துணி காயப்போடுகிற நீலக் கயிற்றுக்குக் கீழே ஓட்டைப் பரப்பினேன். தினமும் காலையில் வேலைக்குப் போகும் முன் ஒரு குச்சியால் புரட்டுவேன். பங்குனி, சித்திரை வெயில் அதைச் சுண்ணாம்பு மாதிரி வெளுக்க வைத்தது. மூக்கில் வைத்தால் வாசனையே இல்லை. குமரன் அனுப்பியிருந்த வலைப் பையில் நிரப்பி, அவன் அனுப்பிய வெள்ளைக் கயிற்றால் கட்டி, வைகாசியில் அனுப்பினேன். அவனே காளவாய்க்குப் பின்னால் பழைய ஓடு பொறுக்கி வெள்ளைக் கயிறு கட்டி வைத்திருந்தான். எல்லாம் சேர்ந்து தண்ணீரில் இறங்கியது. இரண்டு மாதத்தில் போட்டோ வந்தது. ஒவ்வொரு ஓட்டிலும் நகக்கண் அளவு ஆளிக் குஞ்சு. திவ்யாகூட போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். “உங்க ஊர்ல இதெல்லாம் நடக்குதா?” என்றாள். உங்க ஊர். அவள் இங்கேயே பிறந்தவள், அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

“எங்கக்கா இன்னும் அனுப்பும்” என்று குமரன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான்.

இரண்டாவது தடவைதான் எல்லாம். வைகாசிக் கடைசியில் ஓடு சேர்க்க ஆரம்பித்தேன். பெங்களூரில் அப்போது ஆரம்பிக்கிற தூறல் ஐப்பசி வரை விடாது. ஒரு மணி நேரம் வெயில், மூன்று நாள் மூட்டம். தார்ப்பாய் போட்டு மூடுவேன், திறப்பேன், மறுபடி மூடுவேன். மூடி வைத்த ஓடு காயுமா? வெந்துபோய்ப் பிசுபிசு என்று ஆனது. ஈ மொய்த்தது. வெள்ளைக் கயிறும் தீர்ந்துவிட்டது. துணிக் கொடியைக் கழற்றி ஐந்து துண்டாக வெட்டி ஐந்து வலைப் பைக்கும் கட்டினேன், குறைந்தபட்சம் ஓரமாக நிற்கட்டும் என்று.

ஆவணியில் ஓனரம்மா மேலே வந்தார். சரோஜம்மா. நல்ல மனுஷி, அமைதியாக இருந்தால் தமிழ் பேசுவார், கோபம் வந்தால் கன்னடம் வந்துவிடும்.

“செல்வி, நோடம்மா, சனிக்கிழமை நம்ம பொண்ணு நிச்சயதார்த்தம். இங்கதான் ஷாமியானா. மைசூர்ல இருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க. இந்த நாத்தத்துல உக்காந்து ஹோளிகே யாரு தின்னறது?”

“சொல்ப நாள் பொறுத்துக்கங்கம்மா. காஞ்சதும் எடுத்துடறேன்.”

“எஷ்டு நாள்? வைகாசியில இதே பேச்சு. நீ ஒண்ணும் கஷ்டப்படாதே. வெள்ளிக்கிழமை ஆள் வருது மாடி கழுவ. ரெண்டு பாட்டில் ஃபினாயில் ஊத்தி எல்லாத்தையும் சேர்த்துத் தேச்சுடச் சொல்றேன். வாசனையும் போகும், உனக்கும் வேலை மிச்சம்.”

ஃபினாயில் ஊறின ஓடு கழிமுகத்தில் போனால் நண்டு, மீன், இறால் எல்லாமே செத்து மிதப்பது மாதிரி கண் முன்னால் ஓடியது. இரண்டு நாள் தூங்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை. அனுப்பாமலே இருக்கலாம், ஏதோ காலி மனையில் கொட்டிவிடலாம் என்று ஒரு வழி இருந்ததே, அது ஏன் எனக்குப் படவில்லை? படவில்லை என்று சொன்னால் பொய். பட்டது. ஆனால் குமரன் ஊரெல்லாம் சொல்லியிருந்தான். இத்தனை வருஷத்தில் ஊரில் என் பேர் நல்லவிதமாக அடிபட்டது அந்த ஒரு தடவைதான். அதை விட மனசு வரவில்லை.

போன் போட்டேன். “நாலஞ்சு மூட்டை அனுப்பறேன்டா.”

“அதுக்குள்ளயா? இப்பத்தானே வைகாசில ஒரு லோடு வந்துச்சி?”

“இது வேற மூலையில கெடந்தது. மாசி மாசத்துலேர்ந்து காயுது.”

“ஆறு மாசம் ஆயிடுச்சா?”

“ஆயிடுச்சுடா.”

அவன் மறு கேள்வி கேட்கவில்லை. அக்கா சொன்னால் சொன்னதுதான் அவனுக்கு.

5

பார்சல் ஆபீஸ் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கே எனக்குக் கடைசியாக ஒரு வாய்ப்புக் கிடைத்தது.

வலைப் பை மேல் கோணி போட்டுத் தைத்து, ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோனேன். கவுண்டரில் இருந்தவர் தமிழ்க்காரர்தான், தொம்மலூர்ப் பக்கம் வீடு என்றார். மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூக்கைச் சுளித்தார்.

“என்னம்மா இது?”

“ஆளி ஓடு சார். சிப்பி ஓடு.”

“மீனா?”

“மீன் இல்ல சார், ஓடு.”

“உயிர் இருக்கா?”

“இல்ல சார்.”

“அப்ப நான்-வெஜ்ஜா?” பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். “மேடம், பாரத்துல ‘பொருள்’னு ஒரு கட்டம் இருக்கு. மீன்னு எழுதினா ஐஸ் பெட்டி கேப்பாங்க. கல்லுன்னு எழுதினா எடைக்குத் தனி. என்ன எழுதட்டும்?”

“அலங்காரப் பொருள்னு எழுதுங்க சார்” என்று கூட வந்திருந்த திவ்யா சொல்லி, இங்கிலீஷிலும் ஏதோ சேர்த்தாள். அவர் எழுதினார். பிறகு விரலால் இன்னொரு கட்டத்தைத் தட்டினார்.

“இது முக்கியம். ஈரமா, உலர்ந்ததா? ஈரம்னா எடுக்கமாட்டோம், அடுத்தவன் சாமான் நனைஞ்சிடும்.”

“உலர்ந்தது.”

“அப்புறம் ஏன் நாறுது?”

“கடல் சாமான்னா அப்படித்தான் சார்.”

“நாலுதான் ஏத்த முடியும். அஞ்சாவதைத் திருப்பி எடுத்துட்டுப் போங்க.”

உலர்ந்தது என்ற கட்டத்துக்கு நேராக நான் கையெழுத்துப் போட்டேன். நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக. திரும்பி வரும்போது ஆட்டோவில் திவ்யா கேட்டாள்: “அம்மா, அது காயவே இல்லையே. மழையிலதானே கிடந்துச்சு?” நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் காதில் ஒயரை மாட்டிக்கொண்டாள்.

ஐந்தாவது மூட்டையைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். சனிக்கிழமை நிச்சயதார்த்தம் நன்றாகவே நடந்தது. எனக்கும் இரண்டு ஹோளிகே, நம் போளிதான், கொடுத்து அனுப்பினார்கள்.

6

தை மாதத்தில் குமரன் போன் பண்ணினான். ஆளி வாயைத் திறந்துகொண்டு சாகிறது என்றான். முதலில் நடுவில் நாலைந்து மூட்டையில். பிறகு பக்கத்தில். பிறகு அதற்கும் பக்கத்தில். கையை வைத்தால் ஓடு கிளுகிளு என்று ஆடுகிறது, உள்ளே ஒன்றும் இல்லை.

ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் நல்ல தண்ணீர் அதிகமாகிச் செத்திருக்கலாம் என்று மேடம் சொன்னாராம். நோயாகவும் இருக்கலாம், ஆராயாமல் சொல்ல முடியாது என்றும் சொன்னாராம். நான் வெள்ளத்தைப் பிடித்துக்கொண்டேன். வெள்ளம்தான், வெள்ளம்தான் என்று சொல்லிக்கொண்டே தட்டு கழுவினேன். ஹோட்டலில் ஆளித் தட்டு வரும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவளிடம் தள்ளிவிட்டேன். “என்னக்கா, அன்னிக்கு முத்து தேடினே, இப்ப தொடவே மாட்டேங்கறே?” என்று அவள் கேட்டதற்குக் கையில் புண் என்றேன்.

நம் ஊர் என்ன செய்யும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். குமரன் காளவாய்க்குப் பின்னால் பொறுக்கிய ஓட்டில்தான் ஏதோ இருந்தது என்று பேச்சு கிளம்பியது. அங்கே யார் யார் எதைக் கொட்டுகிறார்களோ, இவன் பார்க்காமல் அள்ளினான் என்றார்கள். பெங்களூர் ஓட்டை யாரும் சந்தேகப்படவில்லை. அது ஹோட்டல் சாமான், சுத்தமானது, அக்கா ஆறு மாதம் காய வைத்தது. ஆடிக் கூட்டத்தில் குமரனைக் காவலிலிருந்து நிறுத்தினார்கள். அவனுக்கு அந்த வேலை எவ்வளவு பெரியது என்று உங்களுக்குத் தெரியும். தண்ணீர் வற்றும் நேரமெல்லாம் அங்கேயே கிடந்தவன். இன்று எந்த நண்டு எந்த இடுக்குக்குக் குடி மாறியது என்று எனக்குப் போனில் சொல்கிறவன்.

ஆடியிலும் நான் வாயைத் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும். இதை எழுதும்போது திவ்யாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

போன வாரம் வியாழக்கிழமை அண்ணி, அதாவது குமரன் பெண்சாதியை நான் அப்படித்தான் விளையாட்டாகக் கூப்பிடுவேன், அவள் போனில் சொன்னாள்: ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடி வெள்ளைக் கயிறு மூட்டை எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போடப் போகிறார்கள். நோய்க்குக் காரணமானதை எடுத்தால்தான் மேடம் மேலும் ஓடு இறக்குவார், இல்லையென்றால் திட்டத்தை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

வெள்ளைக் கயிற்றில்தான் இன்னும் உயிரோடு இருக்கிற ஆளி எல்லாம் இருந்தது. அதைக் கொன்றுவிட்டு, என் நீலக் கயிற்றை உள்ளே விட்டுவைக்கப் போகிறார்கள்.

7

அன்று சாயங்காலமே குமரனைக் கூப்பிட்டேன்.

“ஞாயித்துக்கெழம எதையெல்லாம் எடுக்கறீங்க?”

“வெள்ளக் கயிறு அத்தினியும்தான். இன்னா பண்றது, நான் பொறுக்கினதாச்சே. உன் மொத லோடும் அதுலயே கலந்துகெடக்குது.”

“நீலக் கயிறு?”

“அது உன்னுதுக்கா. அதுக்கின்னா? அது மாசிலேர்ந்து காஞ்சது.”

சொன்னேன். வைகாசிக் கடைசி என்று சொன்னேன். மழை என்று சொன்னேன். ஃபினாயிலைச் சொன்னேன், பார்சல் ஆபீஸ் கட்டத்தைச் சொன்னேன். லைன் இருக்கிறதா என்று போனைப் பார்த்தேன். இருந்தது.

“அதத்தான்கா நட்டநடுவுல வெச்சேன்” என்றான். “மத்ததெல்லாம் சுத்தி. நீ அனுப்பினதாச்சேன்னு.”

வைத்துவிட்டான்.

சனிக்கிழமை பஸ் ஏறினேன். திவ்யா வரவில்லை, பரீட்சை. ஞாயிறு காலை நீர் வற்றும் நேரத்தில் கூட்டத்தில் சொன்னேன், எப்படிச் சொன்னேன் என்று மேலேயே எழுதிவிட்டேன். மேடத்துக்கு மட்டும் புரிந்தது. அவர் கோபப்படவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டு, “நீலக் கயிறுதானே? எத்தனை?” என்றார். நான்கு என்றேன். இதுதான் காரணம் என்று தன்னால் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் எடுக்க வேண்டியது இதைத்தான் என்றார்.

நானும் தண்ணீரில் இறங்கினேன். செருப்பைக் கழற்றாதே என்று யாரோ கத்தினார்கள். இறக்கும்போது ஒரு ஆள் தூக்கிய மூட்டை, வெளியே எடுக்க மூன்று பேர் தேவைப்பட்டது. அவ்வளவு ஒட்டியிருந்தது. கரையில் வைத்து வலையை அறுத்தோம். ஆளி எல்லாம் வாய் பிளந்து செத்திருந்தது. ஆனால் உள்ளே, கடவுளே, உள்ளே குடித்தனம். கல்நண்டுகள். ஓட்டில் அப்பிய கொட்டலசு. இடுக்கில் துள்ளிய கீச்சான் குஞ்சு. நான் ஏழாவது படிக்கும்போது பார்த்த அத்தனையும், நான் கெடுத்த மூட்டைக்குள் வந்து குடியேறியிருந்தது.

எங்களோடு இழுத்துக்கொண்டிருந்த எல்லம்மாக்கா மேடத்தைப் பார்த்துக் கேட்டது: “குடியிருக்கிறதுங்கள எதுக்குமா தூக்கி வெய்யில்ல போடறே? பாவமில்லியா?”

“மறுபடி தண்ணில விட்டா ஓடும் சேர்ந்துதான் போகும்மா” என்றார் மேடம். “நண்டு, மீனை மட்டும் ஓட்டுலேர்ந்து தட்டி விட்டுடுங்க. ஓடு ஒண்ணுகூடத் திரும்பக் கூடாது.”

நண்டுகளைத் தட்டிவிட்டோம். மீன் குஞ்சுகளைக் கையில் அள்ளிப் போட்டோம். குமரன் ஒரு ஆளியைத் திறந்தான். உள்பக்கம் எள் தூவினது மாதிரி உளுவை முட்டை. ஓட்டோடு ஒட்டியது, தட்டினால் வராது. தாய் உளுவை எங்கே போனது என்று தெரியவில்லை. அவன் அதைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். மேடம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தார். அவன் தண்ணீரைப் பார்த்தான். பிறகு மற்ற ஓடுகளோடு மணலில் மல்லாக்க வைத்தான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

வெள்ளைக் கயிறு மூட்டைகளைத் தொடவில்லை. அந்தமட்டுக்கும் நல்லது. ஆனால் குமரனுக்குக் காவல் திரும்பக் கிடைக்கவில்லை. “அக்கா அனுப்பிச்சா கண்ண மூடிக்கினு போட்டுடுவியா? தொட்டுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்காது?” என்று கூட்டத்தில் கேட்டார்கள். பதில் என்னிடம் இருந்தது, யாரும் என்னைக் கேட்கவில்லை. நான் அவனைக் காப்பாற்ற வந்து, தெரியாமல் செய்தவனை விவரம் கெட்டவனாக்கிவிட்டுப் போகிறேன். ஊரைக் கேட்டுக்கொள்கிறேன்: அவன் தொட்டுப் பார்க்காததற்குக் காரணம் சோம்பல் இல்லை. பன்னிரண்டு வயசு வரை அவனுக்குச் சோறு ஊட்டியது இந்தக் கைதான். அந்தக் கை அனுப்பியதை அவன் முகர்ந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். மீதி இருக்கிற வெள்ளைக் கயிற்றை அவனைவிட நன்றாகப் பார்த்துக்கொள்ள உங்களிடம் ஆள் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லை என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

பஸ்ஸுக்கு நான் தனியாகத்தான் நின்றேன். கிளம்புகிற நேரத்தில் குமரன் சைக்கிளில் வந்தான். காலைத் தரையில் ஊன்றி, இறங்காமலே, பையிலிருந்து ஒரு சுருணையை எடுத்து என் கையில் வைத்தான். நான்கு துண்டு நீலக் கயிறு. கழுவியிருந்தான்.

“துணி காயப்போட ஆவும்” என்றான்.

வந்த வழியே போய்விட்டான்.

8

இங்கே வந்து நான்கு துண்டையும் முடிச்சுப் போட்டு இணைத்தேன். மாடியில் ஒரு பக்கக் கொக்கியில் மாட்டி இழுத்தால் எதிர்ப்பக்கம் எட்டவில்லை. ஒரு துண்டு குறைகிறது. அது ஐந்தாவது மூட்டையில் இருக்கிறது. தொட்டிக்குப் பின்னாலிருந்து எடுத்து, கோணியைப் பிரித்து வெயிலில் வைத்தேன். அங்கே கிடந்தே பன்னிரண்டு மாதமாகிவிட்டது, ஒரு முழுக் கோடையைப் பார்த்துவிட்டது. வெளுத்துவிட்டது. வாசனை இல்லை. ஊரில் இனி பெங்களூர் ஓடு வாங்குவதில்லை என்று முடிவாகியிருக்கிறது. அதுவும் சரிதான்.

நேற்று சரோஜம்மா துணி காயப்போட வந்தவர் குட்டைக் கொடியைப் பார்த்துச் சிரித்தார். “ஏனம்மா செல்வி, அந்த மூட்டையில இருக்கிற கயித்தைக் கழட்டி இதுல முடிஞ்சா சரியாப் போச்சே. அதுதான் சுத்தமா காஞ்சிடுச்சே, தூக்கி ஒண கசால போடு.”

“இல்லம்மா” என்றேன். “இன்னும் காயணும்.”

அவர் போன பிறகு மூட்டையின் முடிச்சை அவிழ்த்து, குச்சியால் ஒரு தடவை புரட்டிவிட்டு, மறுபடியும் கட்டிவைத்தேன்.